இறைப்பு மிசின் கிளம்ப மறுத்தால்

சொந்தக் கிணறும் மின்சார இணைப்பும் உள்ளவர் ஆளியைத் தட்டினால் தண்ணீர் வரும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, அச்சுவேலிப் பக்கத்தில் குத்தகைக் காணியில் வெங்காயம் வைத்த குடும்பங்களுக்கு அந்த வசதி பெரும்பாலும் இருக்கவில்லை. தூக்கிச் செல்லும் சிறிய இறைப்பு மிசினையே அவர்கள் நம்பியிருந்தார்கள். அது கோடையில் மூன்று நாள் படுத்துவிட்டால், நகை அடகு வைத்துப் போட்ட பயிரும் படுத்துவிடும். ஆகவே கராஜுக்குச் சுமந்து செல்லுமுன் நாமே பார்க்கக்கூடியவற்றை இங்கே சொல்கிறோம். வீட்டு ஜெனரேற்றருக்கும் இவை பொருந்தும்.

முதலில் மிசினைச் சமதரையில் வைத்து ஒயில் மட்டத்தைப் பாருங்கள். ஒயில் குறைந்தால் தீப்பொறியைத் தானாகவே நிறுத்திவிடும் அமைப்பு பல மிசின்களில் உண்டு. வரம்பில் சரிந்து நின்றாலும் அது நிறுத்திவிடும். பழுதே இல்லாத மிசின் பழுது பார்க்கப் போவது இப்படித்தான்.

ஒயில் சரியென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். மிசினின் நாடி அதுதான். இளம் மண்ணிறமாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், அல்லது சோக்கைத் திறக்க மறந்திருக்கலாம். வெளிறி வெண்மையாக இருந்தால் சூடு மிஞ்சுகிறது. ஒயில் பிசுபிசுத்தால் றிங் தேய்ந்திருக்கக்கூடும். நனைந்து மண்ணெண்ணெய் மணத்தால், எரிபொருள் வருகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள்.

பிளக்கைத் துடைத்து மூடியில் மாட்டி, அதன் இரும்பு மிசின் உடலில் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி தெரியவேண்டும். சிந்திய எரிபொருளை முன்னரே துடைத்துவிடுங்கள். பிளக் துவாரத்துக்குத் தள்ளியே பொறியைப் பாருங்கள். முனை இடைவெளி பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். வங்கி அட்டையின் தடிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

எமது தோட்டங்களில் பெரிய வில்லங்கம் மண்ணெண்ணெயில்தான். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோலைக் காண்பதே அரிது. சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையைக் குடாநாடே கற்றுக்கொண்டது. அன்று அது பிழைப்பு; பெற்றோலுக்கென்றே செய்த மிசினில் இன்றும் அதைத் தொடர்வது நட்டம். மண்ணெண்ணெய் அதற்குள் நேரத்துக்கு முன்பே வெடித்து, உள்ளே தட்டும் ஓசை எழுப்பி, பிஸ்டனைக் கெடுக்கும். மலிவு என்ற நியாயமும் தேய்ந்துவிட்டது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது.

மண்ணெண்ணெய்க்கென்றே செய்த மிசினானாலும் குளிரில் அந்த எண்ணெய் ஆவியாகாது. பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பின் மாற்றவேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பவேண்டும். இதை மறந்தால் காபரேற்றர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாட் காலை கை ஓயும்வரை இழுத்தாலும் கிளம்பாது. கிண்ணத்தின் அடி ஆணியைத் தளர்த்தி வடித்துவிட்டு, பெற்றோல் விட்டு இழுங்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலோடும் கலக்கும். ஊற்றாமலே ஒயில் மட்டம் ஏறி, மண்ணெண்ணெய் மணத்தால், உடனே மாற்றுங்கள். ஐந்தரைக் குதிரைவலு மிசினுக்கு ஏறக்குறைய 0.6 லீற்றர் போதும். புதிய பிஸ்டனின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கயிறு தடையே இல்லாமல் இலேசாக வந்தால் மட்டும் வால்வு, றிங் என்று எண்ணி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

தொண்டைமானாற்றுப் பக்க உப்புக்காற்று பிளக் மூடியிலும் கம்பி முனைகளிலும் பூக்கும். காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். உவர்நீர் இறைத்தால் முடிவில் ஒரு வாளி நன்னீரைப் பம்பினூடாக ஓடவிடுங்கள். கடற்றொழிலாளர் தமது படகு மிசினை நன்னீரில் கழுவுவதும் இதற்காகவே.

இன்னொன்று. பம்பு ஏறக்குறைய ஏழு மீற்றருக்குக் கீழிருந்து உறிஞ்சத் தடுமாறும். அதற்காக மிசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவேண்டாம். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உள்ளே ஒருவர் மயங்கினால், பதறிக்கொண்டு அடுத்தவர் இறங்கக்கூடாது. மேலிருந்தே கயிறு போட்டு இழுக்க ஆட்களைக் கூப்பிடுங்கள்.