கடிகாரத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே

பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். தாத்தா படம் வரையச் சொன்னால் பிள்ளைகளின் கை நேரே சாம்பல் நிறத்துக்கும் பழுப்புக்கும்தான் போகும். நெற்றியில் நாலு கோடு, கையில் ஒரு தடி, முதுமை முடிந்தது. அப்போதெல்லாம் நான் எடுத்துக் காட்டுவது எட்வர்ட் மூங்க் தன்னையே வரைந்துகொண்ட ஒரு படத்தை. ‘அலறல்’ ஓவியத்தால் உலகம் அறிந்த அதே நார்வேக்காரர்தான்.

1940-க்கும் 1943-க்கும் இடையில், ஆஸ்லோவை ஒட்டிய ஏகெலி வீட்டில் ஒண்டியாக இருந்தபோது வரைந்தது. ஜெர்மன் படை நார்வேயைப் பிடித்திருந்த காலம். 1937-லேயே நாஜிகள் அவருடைய 82 படைப்புகளைச் ‘சீரழிந்த கலை’ என்று முத்திரை குத்தி, ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து தூக்கிவிட்டிருந்தார்கள்.

படத்தில் கிழவர் விறைப்பாக நிற்கிறார். கைகள் இரண்டும் சும்மா தொங்குகின்றன. முகத்துக்கு ரொம்ப மெனக்கெடவில்லை. இடப்பக்கம் ஆளுயரக் கடிகாரம். அதில் முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. வலப்பக்கம் கட்டில். அதன் விரிப்பில்தான் மனுஷர் கையை அவிழ்த்துவிட்டிருக்கிறார்: வெள்ளையின் மேல் சிவப்பும் கறுப்புமாகக் கொத்துக் கொத்தாகக் கோடுகள், தூரிகையைச் சரக் சரக்கென்று இழுத்துப் போட்டவை. பின்னால் கதவு திறந்திருக்கிறது. உள்ளே மஞ்சள் வெளிச்சம், சுவரெல்லாம் அவர் வரைந்த படங்கள். நிற்காத நேரமும் காத்திருக்கும் சாவும் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். எனக்கென்னவோ, வீடு பார்க்க வந்தவர்களுக்கு அந்த மஞ்சள் அறையைக் காட்ட வாசலில் நிற்கும் வீட்டுக்காரர் மாதிரிதான் படுகிறது. முகம் வாயை மூடிக்கொள்ள, மனசுக்குள் இருப்பதை விரிப்பும் சுவரும் பேசுகின்றன. சுருக்கத்தை எண்ணி எண்ணி வரைகிறவர்களுக்கு இது கைவராது.

1930-ல் அவருடைய வலது கண்ணுக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டுப் பார்வை கலங்கியது. வேறொருவர் என்றால் தூரிகையைக் கழுவி வைத்திருப்பார். இவர் அந்தக் கண்ணில் தெரிந்த கறைகளையும் வண்ண வளையங்களையும் பார்த்தபடியே வரைந்து வைத்தார். உடம்பு கெடுவதுகூட அவருக்கு வரையக் கிடைத்த விஷயம்தான்.

1944 ஜனவரியில், 80 வயது நிறைந்த மறுமாதம், காலமானார். தன்னிடமிருந்த படங்களை ஆஸ்லோ நகருக்கே எழுதிவைத்திருந்தார். இந்தப் படமும் அங்கே மூங்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் பெரிய திரையில் பாருங்கள். கைப்பேசியில் அந்தக் கோடுகள் வெறும் பெட்ஷீட் டிசைனாகத்தான் தெரியும்.