கன்றுக் கழிச்சலும் அன்டிபயோட்டிக் மருந்தும்

ஒன்றிரண்டு பசுக்களை வைத்திருக்கும் கமக்காரருக்குக் கன்று இறப்பது பெரு நட்டமாகும். இளங்கன்றுகளிற் பல, பிறந்த மூன்று வாரத்துள் கழிச்சலினாலேயே இறக்கின்றன. கொழும்புக்கு மரக்கறி கொண்டு செல்பவர், திரும்பும் வழியில் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ மருந்துக்கடையொன்றில் ரெட்ராசைக்கிளின் குளிசை தேட எண்ணுவது இயல்பே. வைத்தியரின் துண்டின்றி வாங்கும் அக்குளிசை பெரும்பாலும் பயன்படாது, கேடும் செய்யக்கூடும்.

காரணம் யாதெனில், கழிச்சல் ஒரே நோயன்று. முதல் நான்கைந்து நாட்களில் ஈ.கோலை என்னும் பக்டீரியாவினால் அது வருவதுண்டு. அதன்பின் வைரசுக்களும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியுமே அதிகம். வைரசை அன்டிபயோட்டிக் கொல்லாது. அவ்வொட்டுண்ணிக்கும் ரெட்ராசைக்கிளின் மருந்தன்று. வாய்வழி கொடுத்த ரெட்ராசைக்கிளின், குடல் சத்தை உறிஞ்சுவதைக் குறைத்துக் கழிச்சலை நீடிக்கச் செய்வதுமுண்டு. எருமைக்கன்றுகளில் தாய்ப்பால் வழியே வரும் உருண்டைப்புழுவும் காரணமாகலாம். அதற்குப் புழு நீக்கும் மருந்தே வேண்டும்.

பெரும்பாலும் கன்றைக் கொல்வது நீரும் உப்பும் இழக்கப்படுவதே. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் அது மெதுவாகப் படிவதும், கண்கள் குழிவதும் அதன் அறிகுறிகள். வாந்திபேதி நோயாளர்க்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி கொடுத்து உயிர்காக்கலாம் என்பது 1968ஆம் ஆண்டில் டாக்காவிலே நிறுவப்பட்டது. கன்றுக்கும் அம்முறையே பொருந்தும். கன்றுக்கென விற்கும் உப்புக்கலவை கிடைக்காவிடின், ஜீவனிப் பொதி ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரிற் கரைக்கலாம். 30 கிலோ நிறையுள்ள கன்றுக்கு வேளைக்கு ஒரு லீற்றர் வீதம், நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை, பால் கொடுக்கும் நேரங்களுக்கிடையே கொடுத்தல் வேண்டும். பாலை நிறுத்தலாகாது. படுத்துக் கிடக்கும் கன்றின் வாயில் வலிந்து ஊற்றினால் நீர் நுரையீரலுட் புகும்.

காய்ச்சல் 103 பாகை பரனைற்றைத் தாண்டினாலோ, சாணத்தில் இரத்தம் தென்பட்டாலோ, கன்று பால் குடிக்க மறுத்தாலோ மிருக வைத்தியரை அன்றே அழைத்தல் வேண்டும். அன்டிபயோட்டிக் உண்மையில் உதவுவது இத்தகைய கன்றுகளுக்கே. மருந்தையும், அளவையும், நாட்களையும் அவரே தீர்மானிப்பார். கன்று எழுந்து நின்றதும் மருந்தை இடையில் நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகக்கூடும். மருந்துக்கு அடங்காதவையும் அவற்றுள் இருக்கலாம்.

கன்று பிறந்து இரண்டு மணித்தியாலத்துள் கடும்புப்பால் குடிக்கச் செய்தல் எம்மருந்தினும் மேலானது. முதல் நாளில் மூன்று லீற்றர் அளவாயினும் வேண்டும். ஒரு நாள் கடந்தபின் அப்பாலிலுள்ள நோயெதிர்ப்புச் சத்தைக் குடல் உறிஞ்சாது.

நோயுற்ற கன்றின் சாணத்தைப் பச்சையாகக் கீரைப் பாத்தியில் இடலாகாது. நன்கு மக்கவிட்டே இடுக. சல்மனெல்லாக் கிருமியும் கிரிப்டோஸ்போரிடியமும் மனிதரையும் பற்றுவன. ஆதலாற் கன்றைத் தொட்ட சிறுவரின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவச் செய்க.