அக்கா போட்ட கவுன்

எங்கள் வெள்ளகோவில் வீட்டில் நாங்கள் எட்டுப் பேர். நான் நாலாவது பெண். விவரம் தெரிந்த குழந்தை ஏழு வயதையொட்டி முதல் நற்கருணை, அதாவது புதுநன்மை வாங்கலாம் என்று 1910-ல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் வகுத்தார். எனக்கும் ஏழு வயது வந்தது. மூன்று அக்காமாரும் போட்ட அதே வெள்ளைக் கவுனும் வந்தது!

"எனக்கு வேண்டாம் போம்மா!" என்று அழுதேன்.

அம்மா திட்டவில்லை. மடிப்பைப் பிரித்து நீளம் விட்டாள். நீலம் போட்டு அலசிக் காயவைத்தாள். உள்பக்கம் என் பெயரின் முதலெழுத்தைத் தைத்தாள்.

"இப்ப இது உன்னுது கண்ணு."

கோயிலில் அந்த எழுத்தைத் தொட்டுக்கொண்டே நின்றேன்.

சகோதரிகளே, பெரியவளுடையதைச் சின்னவளுக்குக் கொடுப்பதில் தப்பில்லை. அவளுக்கென்று ஒரு தையலாவது புதிதாகப் போட்டுக் கொடுங்கள்.