சயனைடும் சதியும்

எனக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல். முன்பெல்லாம், "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். இப்போது, "ராக்கியின் ஊரா?" என்கிறார்கள். பிரசாந்த் நீல் கன்னடத்தில் எடுத்து, 2018-லும் 2022-லும் இரு பாகங்களாக வெளிவந்த 'கே.ஜி.எஃப்.' படத்தின் வேலை இது. நானும் அதைக் கண்டு களித்தவன்தான். அதில் வரும் கொள்ளைக்கூட்டத் தலைவர்களின் விசுவாசம் எத்தகையது என்பதை வேதியியல் மாணவன் என்ற முறையில் இங்கே விளக்க முற்படுகிறேன்.

எங்கள் ஊரில் சயனைடு மேடுகள் உண்டு. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண், குன்று குன்றாக நிற்கிறது. படப்பிடிப்பும் அங்கேதான் நடந்தது. தங்கம் எளிதில் எதனோடும் சேராத உலோகம். ஆயினும் தூளாக்கிய தாதுவில் சயனைடுக் கரைசலை ஊற்றிக் காற்றும் படச்செய்தால், அந்தத் தங்கமே சயனைடோடு கூடிக் கரைந்துவிடும். பிரிக்கவொண்ணா உறவு என்றே தோன்றும். அதில் துத்தநாகத் தூளைப் போட்டுப் பாருங்கள்! சயனைடு தங்கத்தைக் கைவிட்டுத் துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ளும். தங்கம் தனியே படிந்துவிடும்.

சூரியவர்த்தனின் கூட்டாளிகளும் இந்தச் சயனைடைப் போன்றவர்களே. அவர் வலிமையோடு இருந்தவரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் நோயில் விழுந்ததும், அவர் மகன் கருடனைக் கொல்ல மும்பையிலிருந்து ராக்கியை வரவழைக்கிறார்கள். கூலியாக மும்பையையே தருவதாகப் பேச்சு. கொன்றவன் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவான் என்று எண்ணினார்கள், பாவம்! அவர்கள் விலை பேசியவர்களைத்தான் கணக்கில் வைத்தார்கள். சுரங்கத்து மக்களை வைக்கவில்லை. ராக்கியோ அந்த மக்களைத் தன் படையாக்கிக்கொண்டு சுரங்கத்திலேயே அமர்ந்துவிடுகிறான். படத்திலுள்ள உண்மையான தந்திரம் இது ஒன்றுதான். மற்றவை துப்பாக்கிச் சத்தம்.

இதையே ஆழமாகக் காட்டியது மணிரத்னத்தின் 'நாயகன்' (1987). வேலு நாயக்கருக்காகத் தாராவி மக்கள் உயிரையும் கொடுப்பார்கள். அது நன்றியால் விளைந்த விசுவாசம். ஆனால், தாம் கொன்ற போலீஸ்காரரின் மகனையும் அவர் அன்போடு ஆதரித்து வளர்க்கிறாரே! இறுதியில் உண்மை தெரிந்ததும் அவனே அவரைச் சுடுகிறான். சோறிட்ட கை என்பதற்காகப் பழி மறந்துவிடுமா?

இனி என் மனக்குறை. படத்துச் சுரங்கத் தொழிலாளர், ராக்கி வரும்வரை தலைநிமிரவே அறியாத அடிமைகள். நராச்சி கற்பனைச் சுரங்கந்தானே என்பீர்கள். மெய்தான். ஆயினும் அதைப் பார்ப்பவர்கள் எங்கள் பாட்டன்மாரை அல்லவா நினைத்துக்கொள்கிறார்கள்? மெய்யான சுரங்கங்களை 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி நடத்தியது. 1956-ல் அவை அரசுடைமையாகி, 2001-ல் மூடப்பட்டன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் அதில் இறங்கினார்கள். 1930-ல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் வேலைக்குச் செல்ல மறுத்தார்கள். அங்கே ராக்கி இல்லை. பட்டினி இருந்தது. விதிதான் பின்வாங்கியது. 1946 நவம்பர் 4-ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அறுவர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களுக்கு எங்கள் ஊரில் அஞ்சலி செலுத்துகிறார்கள்.