கிணத்து நீச்சல் பார்ட்டியா? நீங்க எந்த டைப்?

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துப் பசங்களிடம் 'நீச்சல் எங்கே கத்துக்கிட்டே?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான்... கிணறு! முதுகில் காய்ந்த சுரைக்காயைக் கட்டி, மாமாவோ சித்தப்பாவோ தள்ளிவிட்டிருப்பார். கொஞ்ச நாளில் சுரைக்காய் போய், மோட்டார் ரூம் மேலிருந்து தொபுக்கடீர்!

காலேஜ் டீமுக்கு செலக்‌ஷன் என்று நீச்சல் குளத்தில் இறங்கும்போதுதான் சிக்கல். கிணற்றில் பத்துக் கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். இங்கே 50 மீட்டர். பாதியிலேயே நாக்கு தள்ளும். உடனே, 'உன் ஸ்டைலே தப்புப்பா. கையை நீட்டி, வழுக்கிட்டுப் போ' என்று ஆளாளுக்கு அட்வைஸ். எல்லாருக்கும் ஒரே மருந்தா என்ன?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து கோச் பால் நியூசமின் 'ஸ்விம் ஸ்மூத்' அமைப்பு, ஃப்ரீஸ்டைல் அடிக்கிறவர்களை ஆறு டைப்பாகப் பிரிக்கிறது. தண்ணீரோடு மல்லுக்கட்டுபவர் 'ஆர்னி' (ஆமாம், அர்னால்டு மாதிரி!). பயந்து பயந்து மெதுவாகக் கை போடுபவர் 'பாம்பினோ'. காலை நம்பியே பிழைப்பவர் 'கிக்டாஸ்டிக்'. கையை முன்னால் நீட்டிவிட்டு அங்கேயே தூங்குபவர் 'ஓவர்கிளைடர்'. கடகடவென்று கை சுற்றுபவர் 'ஸ்விங்கர்'. பார்க்கிறவர்களைப் பொறாமைப்பட வைப்பவர் 'ஸ்மூத்'.

கிணத்து நீச்சல்காரர்கள் பலர் ஆர்னி ஜாதிதான். பாசியும் ஆளும் முகத்தில் மோதாமல் இருக்கத் தலையைத் தூக்கியே பழகியவர்கள். தலை மேலே போனால் கால் கீழே போகும். அந்தக் காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதில்தான் மூச்சே போகிறது. இவர்களுக்கு முதல் வேலை, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விடுவது. கையெல்லாம் அப்புறம்.

ஆனால், வேகமாகக் கை சுற்றும் எல்லாரும் ஆர்னி இல்லை. ஜேனட் எவான்ஸை எடுத்துக்கோங்க. சின்ன உடம்பு, காற்றாடி மாதிரி நீட்டிய கை. 1988 சியோல் ஒலிம்பிக்கில், 17 வயசில் 400 மீட்டரை 4 நிமிஷம் 3.85 விநாடியில் முடித்தார். அந்த உலக சாதனை 2006 வரை அசையவில்லை. அதே 400 மீட்டரில், நீளநீளமாகக் கை போட்டு அலட்டிக்காமல் ஜெயித்தவர் இயன் தோர்ப். அவர் ஸ்டைலை ஜேனட்டுக்கு மாட்டிவிட்டிருந்தால்?

சரி, நாம ஆர்னியா, ஸ்விங்கரா? கண்ணாடி சொல்லாது, ஸ்டாப்வாட்ச் சொல்லும். ஆர்னி முதல் 50 மீட்டரில் பறப்பார், அப்புறம் படுத்துவிடுவார். ஸ்விங்கர் கடைசிவரை ஒரே வேகம்.

நல்லா வார்ம்-அப் செய்துவிட்டு, 400 மீட்டரை முழு மூச்சில் நீந்தி நேரம் குறியுங்கள். நன்றாக ஓய்வெடுத்துவிட்டு 200 மீட்டர். முதலாவது 8 நிமிஷம், அடுத்தது 3 நிமிஷம் 40 விநாடி என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 260 விநாடி. அதில் பாதி, 130. அதாவது 100 மீட்டருக்கு 2 நிமிஷம் 10 விநாடி. நீங்கள் களைத்து விழாமல் ரொம்ப தூரம் தாக்குப்பிடிக்கிற வேகம் ஏறக்குறைய இதுதான். ஸ்டைலில் எதை மாற்றினாலும், சில வாரம் கழித்து இதே டெஸ்ட். நம்பர் குறைந்தால் மாற்றம் ஓகே. குறையவே இல்லையா? அட்வைஸ் சொன்னவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பழைய கையையே போடுங்கள்.

ஒண்ணு மட்டும்... இந்தப் பரீட்சையெல்லாம் குளத்தோடு சரி. ஒகேனக்கல் பாறை இடுக்குச் சுழலுக்கு ஆர்னியும் ஸ்மூத்தும் ஒண்ணுதான். அங்கே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு சமர்த்தா பரிசல்ல உட்காருங்க மச்சி!