உங்களுக்குத் தெரியுமா? பாறையே வாத்தியம்!

கர்நாடகத்தில் பெல்லாரி அருகே குப்கல் என்றொரு குன்று. அங்கே சில கரும்பாறைகளைச் சிறு கல்லால் தட்டினால் கோயில் மணிபோலக் கணீரென்று ஒலிக்கும். புதிய கற்கால மக்கள் தட்டித் தட்டியே அவற்றில் குழி விழ வைத்திருக்கிறார்கள்!

• அதே குன்றில் திமில் வைத்த மாடுகளின் உருவங்களையும் கொத்தியிருக்கிறார்கள். மாடு மேய்த்தவர்களின் கச்சேரி மேடை என்றே சொல்லலாம்.

• தொல்லியல் அறிஞர் நிக்கோல் போய்வின் 2004-இல் இதைப் பற்றி எழுதியபோது, கல்லுக்காகக் குன்றை உடைக்கும் வேலையும் அங்கே நடந்துகொண்டிருந்தது.

• இதைவிடப் பழையது வேண்டுமா? ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008-இல் ஒரு புல்லாங்குழல் கிடைத்தது. கழுகின் சிறகெலும்பு, விரல் வைக்க ஐந்து துளைகள். வயது 35,000 ஆண்டுகளுக்கு மேல்.

• நம் மலேசியாவின் கேமரன் மலையில்? செமாய், தெமியார் ஓராங் அஸ்லி பழங்குடி மக்களிடம் மூக்கால் ஊதும் மூங்கில் குழல் உண்டு. ஒன்று நெட்டை, ஒன்று குட்டையாக இரண்டு மூங்கில் குழாய்களை மரக்கட்டையில் இடித்துப் பெண்கள் தாளம் போடுவார்கள். எல்லாம் மூங்கில். கல்லும் எலும்பும் நிலைக்கும். ஆனால் கேமரன் மலையின் மழையில் மூங்கில் மக்கிப்போகும். தோண்டுகிறவர் கைக்கு என்ன மிஞ்சும்?