உங்களுக்குத் தெரியுமா? பாக்கு முதல் பில்டர் காபி வரை

● "புகையிலை தொட மாட்டேன், வெறும் வெத்தலை பாக்குதான்" என்று நிம்மதியாக இருப்பவரா நீங்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத தாம்பூலத்தையும் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. முக்கியக் குற்றவாளி பாக்கு. தனியாகவே அதற்கு அந்தப் பட்டியலில் இடமுண்டு. தொடர்ந்து பாக்கு மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, வாய் திறப்பதே குறுகிவிடலாம். இது புற்றுக்கு முந்தைய நிலை. மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவில்லையா? உடனே பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

● 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. தீவனத்தைத் துருவியபோது சிக்கியது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு. அதில் வளர்ந்திருந்த பூஞ்சையின் நஞ்சுக்குத்தான் பின்னர் அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். மனிதருக்கு இது கல்லீரல் புற்றுநோயைத் தரும். மஞ்சள் காமாலை 'பி' வைரஸ் உடலில் இருந்தால் ஆபத்து பல மடங்கு. வறுத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. பூசணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் கடலையைத் தயங்காமல் குப்பையில் போடுங்கள். அதை வறுத்துச் சட்னிக்குச் சேர்ப்பது சிக்கனமே அல்ல.

● கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் புற்றைத் தடுக்கும் என்று நம்பி, பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல்! கேரட் மேல் பழியில்லை, பொரியல் தொடரட்டும்.

● 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகலாம் என்று அதே புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் அறிவித்தது. காபி மீது முன்பு இருந்த சந்தேகம் அப்போதே விலக்கப்பட்டது. டவராவில் ஆற்றிக் குடிப்பவர்கள் பிழைத்தார்கள்.

● சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி 2015இலிருந்து அந்த முகமையின் முதல் பிரிவில். "சிகரெட்டுக்குச் சமம்" என்று வாட்ஸ்ஆப்பில் வருவது கட்டுக்கதை. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் பிரிவு சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல.

● மதுவும் முதல் பிரிவுதான், 1988 முதல். ஒயினுக்குத் தனிச் சலுகை கிடையாது.

● கூடுதல் உடல் எடைக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு உண்டு.

● புகைப்பதை நிறுத்தக் காலம் கடந்துவிட்டது என்பவர்களுக்கு: பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார் ஆய்வாளர் ரிச்சர்ட் டால். 30 வயதில் நிறுத்தியவர்கள், விடாமல் புகைத்தவர்களைவிடச் சுமார் 10 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். 50இல் நிறுத்தியவர்களுக்கு 6 ஆண்டுகள். 60இல் நிறுத்தியவர்களுக்கும் 3 ஆண்டுகள் கிடைத்தன.